வடசென்னையில் ஒரு கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டைத் தேடும் முறை

வெள்ளையர் ஆட்சிக்காலத்தில் இராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ வாழ்ந்து மறைந்த கொள்ளுப்பாட்டியைப் பற்றித் தேடுவோர் பெரும்பாலும் கொள்ளுத்தாத்தாவின் வீட்டுப் பத்திரத்திலிருந்து தொடங்குகின்றனர். அது அவரது புகுந்த வீட்டை மட்டுமே காட்டும். தேட வேண்டியது பிறந்த வீட்டை.

முதலில் குடும்பத்து மூதாட்டியரிடம் பேசுங்கள். ஆண்டுகளைக் கேட்பதைவிட, தலைப்பிரசவத்துக்கு அவர் எந்தத் தெருவுக்குப் போனார், மூத்த பிள்ளைக்கு யார் மடியில் வைத்துக் காது குத்தினார்கள், பொங்கல் சீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பதே பலன் தரும். மடி கொடுத்தவர் உடன்பிறந்த தாய்மாமன் என்றால், அவருடைய தந்தையே நாம் தேடும் பெண்ணின் தந்தை. தலைப்பிள்ளையின் பிறப்புப் பதிவையும் அந்தத் தாய்வீட்டுப் பகுதியில்தான் தேட வேண்டும். வீட்டில் அழைத்த பெயரையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

கிறித்தவக் குடும்பமெனில் வழி எளிது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின் படிவத்தில் மணமகளின் வயது, இருப்பிடம், தந்தை பெயர் ஆகியவை ஒரே வரியில் இருக்கும். ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாயின் பெயரையும் பாருங்கள். அவர் பெரும்பாலும் நெருங்கிய உறவினரே.

மற்றவர்களுக்குப் பத்திரப்பதிவு அலுவலகமே பெருந்துணை. அங்குள்ள முதல் அட்டவணை ஆள் பெயராலும் இரண்டாவது சொத்தாலும் அமைந்திருப்பதால், சொத்து எதுவென்று தெரியாவிட்டாலும் பெயரை வைத்துத் தேடலாம். தந்தை மகளுக்கு எழுதிவைத்த செட்டில்மெண்ட் பத்திரம் என் கருத்தில் வேறெதையும்விட மதிப்புள்ளது, ஏனெனில் கணவர் பெயருக்குப் பின்னால் மறைந்த பெண் அதில் இன்னாருடைய குமாரத்தி என்று நேரடியாக வருகிறார். அந்தப் பெண்ணே எழுதிக்கொடுத்த மூலப் பத்திரம் இன்றைய வீட்டுக்காரரிடம் இருந்தால், பணிவாகக் கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தம் கையால் விட்டுச்சென்ற ஒரே தடயம் அதிலுள்ள கைநாட்டாகவே இருக்கக்கூடும்.

பழைய ஆவணத்தில் பிராட்வே என்றிருப்பது இன்றைய பிரகாசம் சாலை. சைனா பஜார் என்றிருப்பது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. கதவெண்களும் மாறியிருப்பதால், பத்திரம் தேடக் கொடுக்கும் மனுவில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள்.

எங்கும் தடம் கிடைக்காமல், அவர் கப்பலேறிப் போய்விட்டார் என்ற பேச்சு மட்டும் குடும்பத்தில் இருந்தால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். 1860 முதல் 1911 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் கப்பல் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் காக்கப்படுகின்றன. அவற்றில் பெண்களுக்கும் தனி எண், தந்தை பெயர், வயது, சாதி, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை பதிவாகியுள்ளன.