வங்கிக்குள் போகாத கேமரா: ‘கன் கிரேஸி’ கொள்ளைக் காட்சியை வைத்து ஷாட் படிக்கப் பழகுவது எப்படி?

சினிமாவைப் பாடமாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முழுப் படத்தையும் ஒரே மூச்சில் அலச முற்பட்டு, கதைச்சுருக்கம் எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரே ஒரு ஷாட்டை, அதாவது கேமரா இடையில் நிற்காமல் பதிவு செய்த ஒரு துண்டை, எடுத்துக்கொண்டு அதை முழுமையாகப் படிக்கப் பழகுவது அதைவிட நல்ல தொடக்கம். ஜோசப் எச். லூயிஸ் இயக்கத்தில் 1950-இல் வெளியான ‘கன் கிரேஸி’ என்னும் அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படத்தில் வரும், ஹாம்ப்டன் என்னும் ஊரின் வங்கிக் கொள்ளையை இதற்குப் பரிந்துரைக்கிறேன். சுமார் மூன்றரை நிமிடம் ஓடும் அந்தக் காட்சியில் ஒரு ‘கட்’ (ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததற்கு மாறுவது) கூடக் கிடையாது. படம், ஒரு வெள்ளைத் தாள், பென்சில், ஹெட்போன் ஆகியவை இருந்தால் போதும்.

படி 1: காட்சிக்கு முன்னால் உள்ள கதையைப் பாருங்கள்

நேராகக் கொள்ளைக்குத் தாவிவிடாதீர்கள். படத்தின் நாயகன் பார்ட் சிறுவயது முதலே துப்பாக்கி மீது தீராத மோகம் கொண்டவன். ஆனால் ஒரு கோழிக்குஞ்சைச் சுட்டுக் கொன்றுவிட்ட நாளிலிருந்து எந்த உயிரையும் கொல்ல அவனுக்குக் கை வருவதில்லை. லோரி ஊர் ஊராகப் போகும் கேளிக்கைக் கூடாரத்தில் குறிபார்த்துச் சுடும் வித்தைக்காரி. மேடையில் ஒருவர் தலையில் மற்றவர் தீக்குச்சிகள் செருகிய வளையத்தை வைத்துச் சுட்டுப் பற்றவைக்கும் போட்டியில்தான் இவர்களது காதல் தொடங்குகிறது. திருமணத்திற்குப் பிறகு கைப்பணம் கரைந்ததும், வசதியான வாழ்க்கை வேண்டும் என்று கேட்பவளும் கொள்ளையின் பக்கம் அவனைத் தள்ளுபவளும் லோரிதான். பார்ட்டாக நடித்த ஜான் டாலின் தயக்கமும் லோரியாக நடித்த பெக்கி கமின்ஸின் துணிச்சலும் மனத்தில் பதிந்த பிறகு வங்கிக் காட்சியைப் பார்த்தால்தான், அங்கே யார் யாரை நடத்துகிறார்கள் என்பது விளங்கும்.

படி 2: முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள்

குறிப்பு எடுக்க வேண்டாம். எந்த இடத்தில் உங்களுக்குப் பதற்றம் தொடங்கியது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒலியை நிறுத்திவிட்டு, கேமராவின் இடத்தை வரையுங்கள்

இந்தப் பயிற்சியின் உயிர்நாடி இந்தப் படிதான். தாளில் ஒரு காரை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, பின்இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கேமரா அங்கேதான் இருக்கிறது. கௌபாய் உடையணிந்த இருவரின் முதுகுகளையும், முன்கண்ணாடிக்கு அப்பால் நகரும் தெருவையும் அது பார்க்கிறது. வங்கிக்கு அருகே வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்று அவர்கள் கவலைப்படும்போது நாமும் சேர்ந்து தேடுகிறோம். கொள்ளைக்காரர்களுக்கும் பார்க்கிங் தொல்லை உண்டு என்பதை இவ்வளவு இயல்பாகக் காட்டிய காட்சிகள் குறைவு.

பார்ட் இறங்கி வங்கிக்குள் போகிறான். கேமரா அவன் பின்னால் போவதில்லை. நடைபாதையில் ஒரு போலீஸ்காரர் வந்து நிற்க, லோரி வண்டியைவிட்டு இறங்கி அவருடன் துப்பாக்கியைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேச்சுக் கொடுக்கிறாள். கேமரா மெல்ல முன்னால் நகர்ந்து, பக்கவாட்டு ஜன்னல் வழியாக இருவரையும் பார்க்கிறது. அபாய மணி அலறுகிறது. பார்ட் வெளியே ஓடிவருகிறான். லோரி போலீஸ்காரரைத் தாக்கி வீழ்த்துகிறாள். இருவரும் ஏறிக்கொள்ள வண்டி பறக்கிறது. யாராவது துரத்துகிறார்களா என்று லோரி பின்னால் திரும்பும்போது அவள் முகம் கேமராவுக்கு மிக அருகில் வருகிறது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி அவள் கண்களைக் கவனியுங்கள். பயத்தைவிடக் கிளர்ச்சிதான் அங்கே மிகுதி.

கேமரா நகர்ந்த ஒவ்வொரு முறையும் தாளில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டே வாருங்கள். வரைந்து முடித்ததும் ஓர் அம்புக்குறிகூடக் காரைத் தாண்டி வெளியே போயிருக்காது.

படி 4: காட்டாமல் விட்டது என்ன என்று எழுதுங்கள்

வங்கிக்குள் நடந்தது எதையும் நாம் பார்க்கவில்லை. மிரட்டல், பணம், காசாளரின் முகம் என்று கொள்ளைப் படங்களில் நாம் எதிர்பார்க்கும் எல்லாமே சுவருக்கு அந்தப் பக்கம் நடந்து முடிந்துவிடுகின்றன. சிறு முதலீட்டில் படமெடுத்த தயாரிப்பாளர்களான கிங் சகோதரர்களுக்கு இதனால் செலவு மிச்சமாகியிருக்கும் என்பதும், குற்றம் செய்யும் முறையை விளக்கமாகக் காட்டக்கூடாது என்ற அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிக்கு இது ஒத்துவருகிறது என்பதும் உண்மையே. எனினும் இதன் பெரிய பயன் வேறு. பார்ட் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் நாம் லோரியிடம் விடப்படுகிறோம். ஆகவே கொள்ளை என்பது நமக்குப் பணம் பறிப்பதாக இல்லாமல், அவள் போலீஸ்காரரிடம் நடத்தும் அந்தப் பேச்சாகவே ஆகிவிடுகிறது. இந்தப் படம் முதலில் ‘டெட்லி இஸ் தி ஃபீமேல்’ (ஆபத்தானவள் பெண்தான்) என்ற பெயரில் வெளிவந்தது. அந்தப் பெயர் உரக்கச் சொல்லிவிடுவதைக் கேமரா நிற்கும் இடமே நாசூக்காகச் சொல்லிவிடுகிறது என்பது என் கருத்து.

படி 5: படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள்

இயந்திர ஓசை, தெரு இரைச்சல், வழியில் இருவரும் பேசிக்கொள்ளும் அரைகுறை வாக்கியங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வசனம் செதுக்கியதுபோல் இல்லாததற்குக் காரணம் உண்டு: லூயிஸ் பின்னாளில் கூறியபடி, நடிகர்கள் அந்தப் பேச்சைப் பெரும்பாலும் தாங்களே இட்டுக்கட்டிப் பேசினார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகிலுள்ள மான்ட்ரோஸ் என்னும் சிற்றூரின் உண்மையான தெருவில், பின்பகுதியைக் காலிசெய்த காருக்குள் கேமராவை வைத்து ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் ஹார்லன் குழுவினர் இதைப் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோவில் பின்திரையில் ஓடும் சாலைக்கு முன்னால் நடிகர் ஸ்டியரிங்கை ஆட்டுவதே வழக்கமாக இருந்த காலம் அது.

(திரைக்கதையில் மில்லார்ட் காஃப்மன் பெயர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்யூனிஸ்ட் தொடர்பு என்ற பேரில் ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்டவர்களின் கறுப்புப் பட்டியலில் இருந்த எழுத்தாளர் டால்டன் டிரம்போவுக்காக அவர் தந்த இரவல் பெயர் அது. காட்சிப் பயிற்சிக்கு இது தேவையில்லை என்றாலும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.)

படி 6: அதே படத்தின் இன்னொரு கொள்ளையோடு ஒப்பிடுங்கள்

பிற்பகுதியில் வரும் ஆர்மர் இறைச்சி ஆலைக் கொள்ளை பல ஷாட்டுகளாக வெட்டித் தொகுக்கப்பட்டது. அதில் கேமரா உள்ளே போகிறது. தொங்கும் இறைச்சிகளுக்கு இடையே அவர்கள் ஓடுவதையும், லோரி ஆட்களைச் சுடுவதையும் காண்கிறோம். ஹாம்ப்டனில் வண்டிக்குள் உட்கார்ந்து உடந்தையாக இருந்த நாம், இங்கே வெளியே நிற்கும் சாட்சியாகிவிடுகிறோம். ஒவ்வொரு ‘கட்’டுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே பார்த்தால் இந்த மாற்றம் தாளிலேயே தெரியும்.

படி 7: நீங்களே ஒன்று எடுத்துப் பாருங்கள்

ஆட்டோவின் பின்இருக்கையில் அமர்ந்து, கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து, நண்பர் ஒருவர் இறங்கிக் கடைக்குப் போய்த் திரும்பும் வரை நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். நீங்கள் இறங்கக்கூடாது. அவர் இல்லாத அந்த ஓரிரு நிமிடத்தை எதனால் நிரப்புவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் பொறுமையின்மையாகவோ, எதிரே வரும் தெரிந்தவராகவோ அது இருக்கலாம். பொம்மைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடாதீர்கள். காய்கறிப் பையே போதுமானது.