கான்ட்ராஸ்ட் ஏத்துனா முகம் ஏன் ஆரஞ்சாகுது? கிம்ப்ல கலர், டோன் சரிபண்றது எப்படி

போட்டோ டல்லா இருக்குன்னு கான்ட்ராஸ்ட்டை ஏத்துறோம், படம் பளிச்னு ஆயிடுது, ஆனா முகம் மட்டும் செங்கல் கலருக்குப் போயிடுது. சரின்னு சாச்சுரேஷனை, அதாவது கலரோட அடர்த்தியை, குறைச்சா பின்னாடி இருக்கிற செடி கொடியெல்லாம் வெளுத்துப் போயிடும். இதை எப்படி சரிபண்றதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. நான் கிம்ப்லதான் பண்றேன். போட்டோ எடிட் பண்ற ஃப்ரீ சாஃப்ட்வேர், 2018-ல வந்த 2.10 வெர்ஷன்லேருந்து 16 பிட், 32 பிட்லயும் (கலரை இன்னும் நுணுக்கமா வச்சுக்கிற முறை) வேலை செய்யுது, நம்ம தேவைக்கு இதுவே தாராளம். போட்டோஷாப் வச்சிருக்கவங்களுக்கும் இதே வரிசைதான், மெனு பேர்தான் கொஞ்சம் மாறும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல நைட் லைட், ப்ளூ லைட் ஃபில்டர் ஏதாவது ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க. அது இருக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியுற எந்தக் கலரையும் நம்ப முடியாது.

முதல் வேலை ஒயிட் பேலன்ஸ், அதாவது படம் மொத்தமா ஒரு கலர் பக்கம் சாஞ்சிருந்தா அதைச் சரிபண்றது. கலர்ஸ் மெனுவுல லெவல்ஸ் திறங்க, மூணு டிராப்பர் (படத்துல கிளிக் பண்ணி கலரை எடுக்கிற கருவி) இருக்கும், அதுல க்ரே பாயிண்ட் டிராப்பரை எடுத்து படத்துல நிறமே இல்லாத சாம்பல் பொருள் மேல கிளிக் பண்ணுங்க, சிமெண்ட் சுவர், தார் ரோடு மாதிரி. வெயில் பட்டு வெளுத்துப்போன இடத்துல கிளிக் பண்ணாதீங்க, அங்க ரெட், க்ரீன், ப்ளூ மூணு சேனலும் உச்ச அளவான 255-ல முட்டி நிக்கும், எந்தப் பக்கம் கலர் சாஞ்சிருக்குங்கிற தகவலே அங்க இருக்காது. வெள்ளை சட்டையும் வேண்டாம், சோப்புத்தூள்ல இருக்கிற பிரைட்னரால அது லேசா நீலம் அடிக்கும், அதை நம்பி கிளிக் பண்ணா படமே மஞ்சளாயிடும். நாலஞ்சு இடத்துல கிளிக் பண்ணிப் பார்த்து நல்லா இருக்கிறதை வச்சுக்கோங்க.

அதே லெவல்ஸ்ல கருப்பு முக்கோணத்தையும் வெள்ளை முக்கோணத்தையும் ஹிஸ்டோகிராம் (எந்த வெளிச்ச அளவுல எத்தனை பிக்சல் இருக்குன்னு காட்டுற வரைபடம்) மேடு தொடங்குற இடம் வரைக்கும் நகர்த்துங்க, மேட்டுக்குள்ள போகாதீங்க, போனா அந்த டீட்டெயில் எல்லாம் அப்படியே போயிடும்.

இப்பதான் முக்கியமான இடம், கர்வ்ஸ். கான்ட்ராஸ்ட் ஏத்த நம்ம வழக்கமா போடுற எஸ் கர்வ் (இருட்டைக் கீழயும் வெளிச்சத்தை மேலயும் இழுக்கிற எஸ் வடிவக் கோடு) ரெட், க்ரீன், ப்ளூ மூணு சேனலுக்கும் தனித்தனியா வேலை செய்யுது. முகத்துல ஒரு பிக்சல் ரெட் 200, க்ரீன் 150, ப்ளூ 120-ன்னு இருக்குன்னு வைங்க. எஸ் கர்வ் போட்டதும் அது 218, 157, 114 மாதிரி ஆயிடும். ரெட்டுக்கும் ப்ளூவுக்கும் 80 இருந்த இடைவெளி 104 ஆயிடுச்சு பாருங்க, முகம் ஆரஞ்சாகுறது இதனாலதான், நீங்க சாச்சுரேஷனைத் தொடவே இல்லைன்னாலும் அது ஏறிடும்.

அதனால லேயரை (படத்தோட அடுக்கு) டூப்ளிகேட் பண்ணுங்க, மேல இருக்கிற லேயருக்கு மட்டும் எஸ் கர்வ் போடுங்க, அப்புறம் அந்த லேயரோட மோடை (கீழ் லேயரோட அது எப்படிக் கலக்கணும்ங்கிற செட்டிங்) லூமினன்ஸ்னு மாத்துங்க. வெளிச்சம் மேல் லேயர்லேருந்தும் கலர் கீழ் லேயர்லேருந்தும் வரும், முகம் பழைய கலருக்குத் திரும்புறது கண்ணு முன்னாடியே தெரியும். கான்ட்ராஸ்ட் கொஞ்சம் அதிகமா தெரிஞ்சா மேல் லேயரோட ஒபாசிட்டியை (அது எவ்வளவு அழுத்தமா தெரியணும்ங்கிற அளவு) 70, 80-க்குக் குறைச்சுப் பாருங்க.

கடைசியாத்தான் சாச்சுரேஷன். மொத்தமா ஏத்துற ஸ்லைடர் எனக்குப் பிடிக்காது. ஹியூ-சாச்சுரேஷன்ல க்ரீனை மட்டும், ப்ளூவை மட்டும்னு தேர்ந்தெடுத்து ஏத்துங்க, முகம் ரெட்டுக்கும் யெல்லோவுக்கும் நடுவுல இருக்கும், அந்த ரெண்டையும் தொடாதீங்க.

அப்டேட்: லூமினன்ஸே லிஸ்ட்ல இல்லையேன்னு சிலர் கேட்டிருந்தாங்க. மோட் லிஸ்ட் பக்கத்துல சின்ன பட்டன் ஒண்ணு இருக்கும், அது லெகசில இருந்தா டீஃபால்ட்டுக்கு மாத்துங்க, வந்துடும்.

இன்னொரு அப்டேட்: 2025-ல வந்த கிம்ப் 3.0-ல கர்வ்ஸ் லேயர்லயே ஃபில்டரா தங்கிடுது, எப்ப வேணா திறந்து மாத்தலாம். பழைய வெர்ஷன்ல இருக்கிறவங்க கண்டிப்பா மாறிடுங்க. ஜன்னல் வெளிச்சமும் குண்டு பல்பும் சேர்ந்து விழுந்த படத்துக்கு ஒரே க்ரே பாயிண்ட் பத்தாது, ஒரு பக்கம் சரியானா இன்னொரு பக்கம் கெடும், லேயர் மாஸ்க் (லேயரோட ஒரு பகுதியை மட்டும் காட்டி மீதியை மறைக்கிறது) போட்டு ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா சரிபண்ணுங்க.