எழுத்து தடுமாறும் பிள்ளைக்கு வீட்டில் பாடம்: பட்டறையிலிருந்து தொடங்கிய கதை

என் பையனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் தடுமாறும் கற்றல் குறைபாடு. வீட்டில்தான் படிக்கிறான். கோவையில் எங்களுக்கு மோட்டார் வைண்டிங் பட்டறை (மோட்டாருக்குள் காப்பர் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை), வீட்டுக்குக் கீழேயே. அதனால் நான் சொல்லும் உதாரணமெல்லாம் பம்ப்பும் காப்பர் கம்பியுமாகத்தான் இருக்கும். உங்கள் பிள்ளைக்குக் கோலமோ சமையலோ ஆடு வளர்ப்போ கைவந்தால், மோட்டார் என்று வரும் இடத்தில் அதைப் போட்டுப் படியுங்கள்.

முதல் வேலை, எது கைவருகிறது என்று பார்ப்பது. "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் செல்போன் என்றுதான் பதில் வரும். யாரும் சொல்லாமலே எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, எது சரியாக வராவிட்டாலும் அழாமல் மறுபடி உட்காருகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வரிசையாக நாலு எழுத்தை நினைவில் வைக்கத் திணறுகிறவன், 24 ஸ்லாட் ஸ்டேட்டரில் (மோட்டாரின் சுற்றாத பாகம், அதன் 24 பள்ளங்களில்தான் கம்பிச் சுருள் உட்காரும்) எந்தச் சுருள் எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். அதுதான் எனக்குப் பிடி கிடைத்த இடம்.

அந்த விருப்பத்தைப் பரிசாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். "ரெண்டு பக்கம் படிச்சா பட்டறைக்குப் போலாம்" என்ற பேரம் எனக்குப் பிடிக்காது. பிடித்த வேலை கூலியாகிவிடும், படிப்பு தண்டனையாகிவிடும். தலை தெளிவாக இருக்கும் காலை நேரத்தைப் பட்டறைக்கே கொடுத்தேன். எழுத்தும் கணக்கும் அதற்குள்ளிருந்தே வந்தன.

மோட்டாரின் திறனும் வேகமும் பொறித்த தகடான நேம் பிளேட்டைப் பாருங்கள். நாலைந்து வரிதான், ஆனால் ஒவ்வொன்றும் அவனுக்குத் தேவை. ஒரு எச்.பி. (குதிரைத் திறன்) என்றால் 746 வாட். அப்படியானால் ஒன்றரை எச்.பி.க்கு எவ்வளவு? இந்தப் பின்னக் கணக்குக்குப் புத்தகம் வேண்டியதில்லை. வேகத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: 120ஐ நம் கரண்டின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸால் பெருக்கி, மோட்டாரின் காந்த முனைகளின், அதாவது போல்களின், எண்ணிக்கையால் வகுப்பது. நாலு போல் மோட்டாருக்கு நிமிடத்துக்கு 1500 சுற்று வர வேண்டும். பிளேட்டில் 1440 என்று இருந்தது. "தப்பா அடிச்சிட்டாங்களாப்பா?" என்று அவன் கேட்க, "முழு வேகத்துல ஓடுனா ரோட்டர்ல கரண்டே உருவாகாது கண்ணு, கொஞ்சம் பின்னாடிதான் ஓடணும்" என்றார் அவன் அப்பா. ரோட்டர் என்பது மோட்டாருக்குள் சுற்றும் பாகம். அன்றைக்கு அறிவியல் பாடம் அதோடு முடிந்தது. (மின்சாரம் பாயும் எதையும் அவன் தொடக் கூடாது, பிரித்துப் போட்ட மோட்டார் மட்டும்தான். இதில் எங்கள் வீட்டில் பேச்சுக்கே இடமில்லை.)

எழுத்துக்கு வருவோம். தமிழில் தடுமாற்றம் எங்கே என்று தெரிந்தால் பாதிச் சிரமம் குறையும். "கெ" என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. "கொ" என்றால் உயிரொலியின் குறி மெய்க்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கு, சு, மு, பு எல்லாம் ஒரே உகரம்தான், ஆனால் வடிவம் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அதனால் பாடநூல் வரிசையை விட்டுவிட்டேன். முதலில் புள்ளி எழுத்து, அப்புறம் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி வரும் கால், அப்புறம் கி, கீ வரிசையின் மேல் விலங்கு, கொம்பெல்லாம் பிறகு. உகர ஊகார வரிசை கடைசி.

கழித்துப் போட்ட காப்பர் கம்பியை வளைத்து அவனே எழுத்துகளைச் செய்தான். க-வை வைத்து, கொம்பை முன்னால் நகர்த்தி, "கெ" என்று வாய்விட்டுச் சொல்லி, விரலால் தடவுவான். கண், காது, கை மூன்றையும் சேர்த்து எழுத்தொலியைப் படிப்படியாகச் சொல்லித்தரும் இந்த வழிக்கு ஆர்ட்டன்-கில்லிங்காம் முறை என்று பெயர். 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் உருவாக்கியது. ஒரே நேரத்தில் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். திறமையை வளர்த்தால் வாசிப்பு தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். வாசிப்பைத் தனியாக, முறையாகத்தான் கற்றுத்தர வேண்டும். சிறப்பாசிரியர் ஒருவரின் துணை அவசியம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்தத் துறையில் பல ஆண்டுகளாக இயங்குகிறது.

வாசிப்பு வரும்வரை மற்ற அறிவைக் காக்க வைக்காதீர்கள். வரலாற்றை நான் வாசிக்கிறேன், அவன் கேட்கிறான். பதிலை வாயால் சொல்வான், இல்லாவிட்டால் படமாக வரைவான். "பையனை இப்பவே பட்டறைக்கு அனுப்பிட்டீங்களா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "கணக்கு கிளாஸ் அங்கதானுங்க" என்று சொல்லிவிட்டுக் காபி கொடுப்பேன்.

கடைசியாகக் காகித வேலை. வீட்டுக்கல்விக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருப்பதால், சான்றிதழ் வாங்கி வையுங்கள். தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்க அது வேண்டும். 14 வயது முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், அதாவது என்ஐஓஎஸ்ஸில், பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் தேறினால் போதும், அதில் மொழி ஒன்றாவது இருக்க வேண்டும். ஓவியம், மனையியல் போன்ற பாடங்களும் உண்டு. ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகவும் எழுதலாம். பிள்ளைக்கு நன்றாக வரும் இரண்டை முதலில் எழுத வையுங்கள், மொழித் தாள் கடைசியில் வரட்டும்.