நூலும் கத்தியும்: கைத்தச்சில் குறியிடும் பழைய முறைகளும் அவை வந்த வழியும்

மரவேலையில் ஓர் இணைப்பு இறுகி நிற்குமா, தளர்ந்து ஆடுமா என்பது ரம்பத்தையோ உளியையோ கையில் எடுப்பதற்கு முன்பே, கோடு போடும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இயந்திரங்கள் வருவதற்கு முந்தைய தச்சர்கள், எந்த நாட்டவராயினும், அளவுகோலில் எண்ணைப் படித்துக் குறிப்பதை இயன்றவரை தவிர்த்தார்கள். ஒரு முகத்தை நேராக்கி, அதிலிருந்தே மற்ற எல்லாவற்றையும் எடுப்பதும், ஒரு மரத்தின் அளவை இன்னொரு மரத்தின் மீது நேரடியாக ஏற்றுவதும்தான் அவர்கள் முறை. உருண்டை மரத்தில் தொடங்கி, ஒரு சட்டத்தின் துளையும் அதற்குள் நுழையும் இன்னொரு சட்டத்தின் நாக்கும் வரை அந்த முறையை வரிசையாகச் செய்துபார்க்கலாம்.

முதலில் வருவது நூல். காவி தோய்த்த நூலைச் சுண்டி இட்ட செந்நிறக் கோடுகளை எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் இன்றும் பார்க்க முடிகிறது. தமிழிலும் மரத்தின் கோட்டம் தீர்க்கும் நூலைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டின் நன்னூல் பேசுகிறது. இலக்கணம் சொல்ல வந்த பவணந்தியார் அதை உவமையாக எடுத்தாள்கிறார் என்றால், படிப்பவர் அனைவரும் அறிந்த கருவியாகவே அது இருந்திருக்க வேண்டும். சீனத்தில் நூலும் மையும் ஒரே கலத்தில் சேர்ந்தன. மையில் நனைந்த பஞ்சின் ஊடாக நூல் வெளியே வரும். அதன் நுனியில் உள்ள சிறு கொக்கி மரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். தச்சர்களின் குலமுதல்வராகப் போற்றப்படும் லூ பான் கோடிடும்போதெல்லாம் அவருடைய தாய்தான் நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தார் என்றும், அந்த வேலையிலிருந்து அவரை விடுவித்ததால் கொக்கிக்குப் ‘பானின் தாய்’ என்று பெயர் வந்தது என்றும் கதை சொல்வார்கள். ஜப்பான் இந்த மைக்கலத்தை ஏற்றுக்கொண்டது. வெள்ளித் தகடு பதித்த, நாகப் படகு வடிவிலான ஒன்று நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் உள்ளது. தோதாய்ஜி கோயிலின் தெற்குப் பெருவாயிலை 1879-இல் பழுதுபார்த்தபோது, பழைய தச்சர்கள் விட்டுச்சென்ற மைக்கலம் ஒன்று மேலே மரங்களுக்கிடையில் கிடைத்தது.

நூலடிப்பதற்குப் பட்டறை வேண்டியதில்லை. மெல்லிய, முறுக்கேறிய பருத்தி நூலும் சிறிது காவிப்பொடியும் போதும். தேக்கு போன்ற கருத்த மரத்திற்குச் சுண்ணப்பொடி தெளிவாகத் தெரியும். ஈர மரத்திலும் மழைபடும் இடத்திலும் பொடி நிற்காது என்பதால் அங்கே கரிமைதான் சரி. நூலின் இரு முனைகளையும் குறிகளின் மீது விண்ணென்று இழுத்துப் பிடித்து, நடுவில் இரு விரல்களால் எடுத்து, பலகையின் முகத்துக்குச் செங்குத்தாகத் தூக்கி, ஒரே ஒரு முறை விடவேண்டும். சற்றே சாய்த்துத் தூக்கினாலும் கோடு பக்கவாட்டில் வளைந்துவிடும்; இரண்டாம் முறை சுண்டினால் இரட்டைக்கோடு விழும், பிறகு எதை நம்புவது என்று தெரியாது. பன்னிரண்டு அடிக்கு மேற்பட்ட நீளமானால் நடுப்பகுதியை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரு பாதிகளையும் தனித்தனியே சுண்டுவது நல்லது.

உருண்டை மரத்தில் ஒரு கூடுதல் வேலை உண்டு. மரத்தை உருளாதபடி ஆப்பு வைத்து நிறுத்திவிட்டு, இரு வெட்டுமுகங்களிலும் நெஞ்சுப்புள்ளி (மரத்தின் மையம்) வழியாகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒவ்வொரு செங்குத்துக் கோடு போடவேண்டும். இரண்டும் ஒரே செங்குத்துத் தளத்தில் இருப்பதால், அவற்றின் மேல்முனைகளை இணைத்து நூலடித்தால் மரம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அறுப்பு முறுக்கில்லாமல் போகும். இந்த நூலை மட்டும் மேற்பரப்பைப் பார்க்காமல், தூக்குக்குண்டு காட்டும் திசையிலேயே தூக்கவேண்டும். அதிலிருந்து எத்தனை அங்குலச் சதுர உத்தரம் எடுக்க முடியும் என்பதற்கு ஜப்பானியத் தச்சர்கள் கணக்கே போடுவதில்லை. செங்கோணம் காட்டும் அவர்களுடைய எஃகு மூலைமட்டத்தின் பின்பக்கத்தில் ஒவ்வோர் அளவும் 1.414 மடங்கு பெரிதாக்கிப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தை விட்டத்தின் மேல் வைத்துப் படித்தாலே சதுரத்தின் பக்க அளவு கிடைத்துவிடும். 14 அங்குல விட்டத்துக்கு அது 9.9 என்று காட்டும். மட்டம் இல்லாதவர்கள் விட்டத்தை 1.414-ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

பலகையாக அறுத்த பிறகு வேண்டியது மூலைமட்டம். எகிப்தில் தேர் எல்-மதினாவில் 1886-இல் திறக்கப்பட்ட சென்னெட்ஜெம் என்ற கைவினைஞரின் கல்லறையில் மூலைமட்டமும், தூக்குக்குண்டு தொங்கும் மட்டச்சட்டமும் கிடைத்தன. அவை 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மூலைமட்டத்தைக் கண்டுபிடித்தவர் சாமோஸ் தீவின் தியோடோரஸ் என்று உரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தது, ஆகவே, கிரேக்கர்களுக்குச் சற்றுத் தாராளமாகக் கொடுத்த பெருமை. மட்டம் செய்யும் வழியை உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தெளிவாகச் சொல்கிறார்: 3, 4, 5 அடி நீளமுள்ள மூன்று கோல்களை முனையோடு முனை சேர்த்தால் செங்கோணம் தானாக அமையும். கையில் இருக்கும் மட்டத்தைச் சோதிக்க அதைவிட எளிய வழி உண்டு. நேரான விளிம்பு கொண்ட பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு கீறி, மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீறவேண்டும். இரண்டும் மேலே போகப்போக விலகினால், விலகிய தூரத்தில் பாதிதான் மட்டத்தின் பிழை.

இப்போது இணைப்புக்கு வரலாம். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு முகத்தையும் அதை ஒட்டிய ஒரு விளிம்பையும் இழைத்து நேராக்கி, செங்கோணம் பார்த்து, முகத்தில் ஒரு சுழியும் விளிம்பில் அதைத் தொட்டு நிற்கும் ஒரு கூர்க்குறியும் இடவேண்டும். இதன் பிறகு மட்டத்தின் கட்டையும் மார்க்கிங் கேஜின் (விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும், முள் பதித்த கருவி) கட்டையும் குறியிட்ட இந்த இரு பக்கங்களைத் தவிர வேறெதிலும் சாயக்கூடாது. இரண்டு சட்டங்களின் தடிமன் சற்று வேறுபட்டாலும் முன்முகங்கள் ஒரே சமமாக வந்து பொருந்துவது இந்த ஒரு கட்டுப்பாட்டினால்தான். எதிர்முகத்திலிருந்து ஒரு கோடு எடுத்தாலும் அந்தப் பயன் போய்விடும்.

மார்க்கிங் கேஜ் புதிதல்ல. லண்டனில் ஜோசப் மாக்சன் 1670-களின் இறுதியில் தவணை முறையில் வெளியிடத் தொடங்கிய கைத்தொழில் நூலில் அது இடம்பெறுகிறது. துளைக்கும் நாக்குக்கும் இரட்டை முள் கொண்ட கேஜ் வேண்டும். நாக்கின் தடிமன் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கம். ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு அரை அங்குல உளி. முட்களின் இடைவெளியை அளவுகோலைப் பார்த்து வைக்காமல், துளையிடப்போகும் உளியின் வாயையே முட்களுக்கு நடுவே வைத்துப் பொருத்தவேண்டும், ஏனெனில் துளையின் அகலத்தைத் தீர்மானிப்பது அந்த உளிதான். பிறகு கேஜை மாற்றாமல் எல்லாச் சட்டங்களிலும் ஒரே மூச்சில் கீறிவிடவேண்டும். கட்டையை முகத்தோடு அழுத்தி, முள் இழுபடும்படி சாய்த்து, முதல் இழுப்பை மிக மெதுவாகப் போட்டால் முள் மரத்தின் ரேகையைப் பின்பற்றி ஓடாது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில மேசைகளின் இழுப்பறைகளை உருவிப் பார்த்தால், மூலை இணைப்பின் அடியில் இந்தக் கேஜ் கோடு அழிக்கப்படாமல் அப்படியே இருப்பதைக் காணலாம்.

நாக்கு தொடங்கும் இடத்தில் சட்டத்தைச் சுற்றி வரும் தோள்கோட்டுக்குக் கத்தியே பொருத்தம். தச்சருக்குப் பென்சில் பின்னாளில் வந்த வசதி. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேலில் கிராஃபைட் கிடைத்த பிறகே அது புழக்கத்துக்கு வந்தது. பென்சில் கோட்டுக்குத் தடிப்பு உண்டு, கால் நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அளவு கூட இருக்கும்; அதன் எந்த ஓரத்தில் அறுப்பது என்ற ஐயமும் கூடவே வரும். கத்திக்கோட்டுக்குத் தடிப்பில்லை, மேலும் அது நாரை முன்கூட்டியே வெட்டிவிடுவதால் ரம்பம் விளிம்பைப் பிய்க்காது. ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய கத்தியின் தட்டைப் பக்கம் மட்டத்தை ஒட்டியும், சரிவு கழிவுப் பக்கமும் இருக்கட்டும். முதல் கீறல் முடி போல மெல்லியதாக இருக்கவேண்டும். அடுத்த இரண்டில் அழுத்தத்தைக் கூட்டலாம். அடுத்த பக்கத்துக்குத் திரும்பும்போது மட்டத்தை முதலில் வைக்கக்கூடாது: மூலையில் முடிந்த கீறலில் கத்தி முனையை ஊன்றி, அதைத் தொடும்வரை மட்டத்தை நகர்த்திவந்து கீறவேண்டும். அப்படிச் சுற்றிவந்தால் நான்காவது பக்கத்தின் கோடு முதல் கோட்டோடு மூலையில் சேரும். சேராவிட்டால் குறியிட்ட விளிம்பு செங்கோணத்தில் இல்லை என்று பொருள். அறுக்காமல் இழைப்புளிக்குத் திரும்பவேண்டும். சேர்ந்தால், கழிவுப் பக்கத்திலிருந்து உளியால் சாய்வாக ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிட, ரம்பத்தின் பல் நகராமல் உட்காரச் சிறு படி கிடைக்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் இருந்தால் எது எதோடு சேரும் என்று குறித்துக்கொள்ளவேண்டும். எகிப்தின் கீசாவில் 1954-இல் கண்டெடுக்கப்பட்ட கூஃபு மன்னரின் படகு 1,224 துண்டுகளாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தது. பல துண்டுகளில் அவை படகின் எந்தக் காற்பகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் குறிகள் இருந்தன, பல்லாண்டு உழைத்து அதைத் திரும்பக் கட்டிய அகமது யூசுஃபுக்கு அவை வழிகாட்டின. இங்கிலாந்தின் இடைக்காலக் கூரைச்சட்டங்களில் உரோமானிய எண்களைப் பார்க்கலாம், நேர்க்கோடுகளாக இருப்பதால் உளியால் வெட்ட எளிது. ஆனால் நான்கை நான்கு தனிக்கோடுகளாகவே வெட்டினார்கள், ஏனெனில் ஐந்திலிருந்து ஒன்று குறைத்து எழுதும் வடிவம் தலைகீழாகப் பார்த்தால் ஆறாகத் தெரியும். அதே முறையைப் பின்பற்றலாம்: துளையின் வாயருகிலும் நாக்கின் தோளருகிலும் ஒரே எண்ணை வெட்டவேண்டும், இடப்பக்கச் சட்டங்களுக்கு மட்டும் கோட்டின் நுனியில் ஒரு சிறு கொடி சேர்க்கவேண்டும். எண்ணை முன்முகத்தில் போட்டால் கடைசி இழைப்பில் சீவலோடு போய்விடும். பின்முகத்தில், பசை வழியும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வெட்டினால், பூட்டி முடித்த பின்னும் படிக்கமுடியும்.