‘கம்ப்ரைஸ்’ வந்தால் ‘ஆஃப்’ வேண்டாம்

குன்னூரில் சுற்றுலாப் பயணிகளுக்கான ஆங்கிலக் குறிப்பு ஒன்றைத் திருத்தியபோது, ‘தி நீல்கிரீஸ் டிஸ்ட்ரிக்ட் கம்ப்ரைசஸ் ஆஃப் சிக்ஸ் தாலுக்ஸ்’ என்ற வரியில் என் பேனா நின்றது. உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆகிய 6 வட்டங்களை இம்மாவட்டம் உள்ளடக்கியுள்ளது என்று தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு சேர்த்து நேராகச் சொல்வதைப் போலவே, ஆங்கிலத்திலும் ‘கம்ப்ரைசஸ் சிக்ஸ் தாலுக்ஸ்’ என்று ‘ஆஃப்’ இல்லாமல்தான் எழுத வேண்டும். ‘ஆஃப்’ போட்டே தீர வேண்டுமென்று கை பரபரத்தால் ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’ என்று எழுதலாம். அன்றாடப் பேச்சுக்கு எனக்கென்னவோ அதுவே இயல்பாகப் படுகிறது. ‘இஸ் கம்ப்ரைஸ்டு ஆஃப்’ என்பது அகராதிகளில் இடம்பெற்றிருந்தாலும், கறாரான ஆசிரியர்கள் அதைக் குறையாகவே கருதுவதால், விண்ணப்பங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் தவிர்ப்பது நல்லது. ‘கம்ப்ரைஸ்’ வரும் வாக்கியத்தில் முழுமையைக் குறிக்கும் சொல் அதற்கு முன்னும், அந்த முழுமையின் உறுப்புகள் பின்னும் வர வேண்டும்.