முதல் வாட்தான் முக்கியம்: குறைந்த விலையில் ஆம்ப் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைக்குப் போனதும் நம்மில் பலர் முதலில் கேட்பது, "இது எத்தனை வாட்?" என்றுதான். சிங்கப்பூரில் 500 வெள்ளிக்குள் ஒரு ஸ்டீரியோ ஆம்ப், அதாவது ஸ்பீக்கரை ஒலிக்கவைக்கும் ஆம்ப்ளிஃபையர், தேடுகிறவரை அந்தக் கேள்வியே பெரும்பாலும் தவறான பெட்டியிடம் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கூடத்தில், ஸ்பீக்கரிலிருந்து இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து பாட்டுக் கேட்கும்போது, பெரும்பாலான நேரம் நாம் பயன்படுத்துவது ஒரு வாட்டுக்கும் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒன்றின் உணர்திறன் 86 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் கேட்கும். தள்ளி உட்காருவதால் கொஞ்சம் குறையும்; இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து ஒலிப்பதாலும் சுவர்கள் எதிரொலிப்பதாலும் கொஞ்சம் கூடும். கடைசியில் 80 டெசிபலை ஒட்டி நிற்கும். பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேசவேண்டிய அளவு அது. தவிலில் ஓர் அடி விழும் நொடியில் பத்து இருபது மடங்கு சக்தி தேவைப்படும் என்பது உண்மைதான். அதற்கும் 30, 40 வாட் போதும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான் என்பதால், 50க்கும் 100க்கும் இடையில் காதுக்குத் தெரியும் வித்தியாசம் சிறியது. 1978ல் வந்து உலகம் முழுக்கப் பேர் வாங்கிய நாட் (NAD) நிறுவனத்தின் 3020 ஆம்ப், தாளில் வெறும் 20 வாட்.

ஆனால் அந்த வாட் நேர்மையான வாட்டாக இருக்கவேண்டும். இணையத்தில் விற்கும் உள்ளங்கை அளவு கிளாஸ் டி (அதிகம் சூடாகாத வகை) ஆம்ப்களின் பெட்டியில் "300 வாட் + 300 வாட்" என்று போட்டிருப்பார்கள். கூட வரும் அடாப்டரைப் பாருங்கள். 24 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் அது தரக்கூடியதே 120 வாட். அதிலிருந்து 600 வாட் எப்படி வரும்? அந்த 24 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு (ஓம் என்பது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு) ஒரு பக்கத்துக்குச் சுமார் 36 வாட்தான் கிடைக்கும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, இரண்டால் வகுத்து, பிறகு ஓமால் வகுத்தால் இந்த எண் வந்துவிடும். 36 வாட் ஒன்றும் குறைவில்லை, நம் வீட்டுக்குத் தாராளம். தெரிந்து வாங்குங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

டிவி, சினிமா ஒலிக்கான ஏவி ரிசீவர்களின் விளம்பர எண்ணையும் இப்படித்தான் படிக்கவேண்டும். "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% சிதைவு, ஒரு சேனல் மட்டும்" என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தால் மேலே உள்ள பெரிய எண்ணை மறந்துவிடுங்கள். "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் சேர்ந்து" என்ற வரியைத் தேடுங்கள். பாட்டு மட்டுமே கேட்பவருக்கு ஏவி ரிசீவர் தேவையில்லை. அந்த விலையில் ஒரு பகுதி, நீங்கள் தொடவே போகாத வீடியோ பலகைகளுக்குப் போகிறது. டிவியும், கனத்த ஒலிக்கான தனிப்பெட்டியான சப்வூஃபரும் உண்டு என்றால் பேச்சு வேறு.

இனி, யாரும் சோதிக்காத ஆனால் தினமும் தொல்லை தரும் விஷயம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு பத்தரைக்கு மேல், மெல்லிய சத்தத்தில்தான் நம்மில் பலர் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கிறோம். அப்போது வால்யூம் குமிழின் கோடு, கடிகார முள்போல் பார்த்தால், ஏழு மணிக்கும் எட்டரை மணிக்கும் நடுவிலேயே நிற்கும். விலை குறைந்த ஆம்ப்களின் வால்யூம் பாகம் மிக மோசமாக நடந்துகொள்வதும் அந்த இடத்தில்தான். ஒரு பக்கம் சத்தம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் வரும். பாடுபவர் நடுவிலிருந்து ஓரமாக நகர்ந்துவிடுவார். வாங்கும் முன் இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 1950களில் பதிவான ஏதாவது ஒரு பழைய தமிழ்ப் பாட்டை எடுத்துப்போங்கள். அது மோனோ என்பதால் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் நிற்கவேண்டும். சத்தத்தைக் கேட்டும் கேட்காத அளவுக்குக் குறையுங்கள். குரல் சாய்ந்தால் அந்த ஆம்ப் இரவுக்கு ஆகாது. அப்புறம் பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டர் (ஸ்பீக்கரில் மேல் ஸ்வரங்களைத் தரும் சின்ன வட்டம்) பக்கம் காதை வையுங்கள். அரை மீட்டரிலேயே "உஸ்" என்று கேட்டால், தம்புரா மட்டும் ஒலிக்கும் இடங்களில் வீட்டிலும் அது கேட்கும். கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கடைத்தொகுதியில் ஆடியோ கடைகள் பல உண்டு. வாங்காவிட்டாலும் ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

லவுட்னஸ் பொத்தான், பேஸ், ட்ரெபிள் குமிழ்களை மட்டமாக நினைப்பதும் தவறு. சத்தம் குறையும்போது நம் காதுக்குக் கீழ் ஸ்வரங்கள்தான் முதலில் மங்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போவது ஸ்பீக்கரின் குற்றமில்லை, காதின் இயல்பு. அதை ஈடுகட்டத்தான் லவுட்னஸ் பொத்தான். மெல்லக் கேட்பவருக்கு அது கூடுதல் 60 வாட்டைவிடப் பயனுள்ளது.

பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. தெம்பனிஸில் இருக்கும் என் மச்சான், இணையத்தில் தனிநபர் ஒருவரிடம் அழகான ஜப்பானியப் பழைய ஆம்ப் ஒன்றை வாங்கினார். நம் ஊர் மூன்று முள் பிளக் மாட்டியிருந்ததால் பின்பக்கத்தை அவர் பார்க்கவில்லை. அங்கே 100 வோல்ட் என்று எழுதியிருந்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சுவிட்சைப் போட்டதும் கருகிய வாசம். டிரான்ஸ்ஃபார்மரே போய்விட்டது. ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்தவை எல்லாம் 100 வோல்ட்தான்; அமெரிக்காவுக்கானவை 120. வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள் வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்டம், கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும்; தனிநபரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. மச்சானால் ஒரு வெள்ளிகூடத் திரும்பப் பெற முடியவில்லை.

இணைப்புகளைப் பணம் கொடுப்பதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். இசைத்தட்டு உண்டா? அப்படியானால் அதற்கென்றே உள்ள ஃபோனோ உள்ளீடு வேண்டும். இசைத்தட்டு ஊசியைத் தாங்கும் எம்எம் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட், சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். இரண்டையும் ஒரே துளையில் செருக முடியாது. யமஹாவில் ஏ-எஸ்201 ஆம்பில் ஃபோனோ இருக்கிறது, ஆர்-எஸ்202 ரிசீவரில் இல்லை. ஆனால் அதில் புளூடூத்தும் வானொலியும் உண்டு, ஒலி 96.8 தமிழ் வானொலி கேட்பவருக்கு அது போதும். டிவியை இணைப்பதாக இருந்தால் டிவியின் ஒலியை ஆம்புக்குக் கொண்டுவரும் ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையைத் தேடுங்கள். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், ஆம்பின் பின்னால் 4 ஓமுக்கு அனுமதி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, வைக்கும் இடம். கதவு போட்ட டிவி கன்சோலுக்குள் ஆம்பைத் தள்ளி மூடிவிடுகிறோம். நம் ஊர் வெப்பத்தில், ஏர்கான் ஓடாத பகல் முழுக்க உள்ளே சூடு தங்கும். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் குறையும். கிளாஸ் டியைவிட அதிகம் சூடாகும் கிளாஸ் ஏபி வகை ஆம்ப் என்றால் மேலே ஒரு சாண் இடைவெளியாவது விட்டு, கன்சோலின் பின்பலகையில் ஓட்டை போடச் சொல்லுங்கள். புது வீட்டுக்குத் தச்சுவேலை நடக்கும்போதே சொல்லிவிட்டால் தனிச் செலவு இருக்காது.