பெரிய கோப்புகளும் கிட்டும்: எல்எஃப்எஸ் முதல் பாடம்

ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருந்தபோது, கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் 140 எம்பி வீடியோவைத் தெரியாத்தனமாக கமிட் செய்துவிட்டேன், அதாவது வரலாற்றில் பதிந்துவிட்டேன். புஷ் (சர்வருக்கு அனுப்புவது) போகவில்லை. சரி என்று வீடியோவை அழித்து இன்னொரு கமிட் போட்டேன். அப்போதும் அதே பிழை! கோப்பை இன்று அழித்தாலும் நேற்றைய கமிட்டுக்குள் அது பத்திரமாக இருக்கிறது. புஷ் செய்யும்போது அந்த வரலாறும் சேர்ந்துதான் போகும். கிட் திட்டங்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு கோப்பு 50 எம்பியைத் தாண்டினால் எச்சரிக்கை வரும், 100 தாண்டினால் அனுமதியே இல்லை.

நிரல் கோப்பில் இரண்டு வரி மாறினால் கிட் அதைச் சுருக்கி வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே சுருங்கிய எம்பி4, ஜேபெக் கோப்புகளிடம் அந்த வித்தை பலிக்காது. 80 எம்பி வீடியோவைப் பத்து முறை மாற்றினால் ரெப்போ (வரலாற்றோடு சேர்ந்த திட்டக் களஞ்சியம்) 800 எம்பிக்கும் மேல் வீங்கும். அதைக் குளோன் செய்கிறவர், அதாவது தன் கணினிக்கு நகலெடுப்பவர், அத்தனையையும் இறக்க வேண்டும். 2015இல் வந்த கிட் எல்எஃப்எஸ் (லார்ஜ் ஃபைல் ஸ்டோரேஜ்) என்ற துணைக் கருவி இதற்குத்தான். அசல் கோப்பு சர்வரில் தனியிடத்துக்குப் போய்விடும். ரெப்போவில் மூன்று வரிச் சீட்டு மட்டும் இருக்கும்: பதிப்பு, ஷா-256 அடையாளம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீடு), அளவு.

(கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

1. கிட் எல்எஃப்எஸ்ஸை நிறுவுங்கள். மேக்கில் ப்ரூ, உபுண்டுவில் ஏப்ட் என்ற நிறுவல் கருவி போதும். பிறகு ஒரே ஒரு முறை: கிட் எல்எஃப்எஸ் இன்ஸ்டால்.

2. ரெப்போவுக்குள் போய்: கிட் எல்எஃப்எஸ் ட்ராக் "*.எம்பி4". மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஷெல் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) அந்த நட்சத்திரத்தை அப்போதிருக்கும் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும், நாளை வரும் வீடியோ கணக்கில் சேராது.

3. இந்த விதி .கிட்அட்ரிபியூட்ஸ் என்ற கோப்பில் எழுதப்படும். அதையும் கமிட் செய்யுங்கள். புதியவர்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான்.

4. இனி வீடியோவை வழக்கம்போல ஆட், கமிட், புஷ். சந்தேகமா? கிட் எல்எஃப்எஸ் எல்எஸ்-ஃபைல்ஸ் என்று கேளுங்கள், பட்டியல் வரும்.

ட்ராக் செய்வது பழைய கமிட்டுகளைத் தொடாது. என்னைப் போல முன்பே மாட்டிக்கொண்டவர்கள், முதலில் ரெப்போவை ஒரு நகல் எடுத்துவிட்டு, இதை ஓட்டுங்கள்: கிட் எல்எஃப்எஸ் மைக்ரேட் இம்போர்ட் --இன்க்லூட்="*.எம்பி4". இது வரலாற்றையே திருத்தி எழுதும், கமிட் அடையாளங்கள் மாறும். இன்னும் புஷ் செய்யாத கமிட் என்றால் கவலையில்லை. ஏற்கெனவே புஷ் செய்திருந்தால் --எவ்ரிதிங் சேர்க்க வேண்டும், ஃபோர்ஸ் புஷ்ஷும் (சர்வரில் உள்ள பழைய வரலாற்றை மாற்றி எழுதும் புஷ்) வேண்டும். குழுவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், நண்பர் வீடியோவைத் திறந்து "மூணு வரி டெக்ஸ்ட்தான் இருக்கு" என்றால் பதறாதீர்கள். அவர் கணினியில் எல்எஃப்எஸ் இல்லை. நிறுவிவிட்டு கிட் எல்எஃப்எஸ் புல் அடிக்கச் சொல்லுங்கள்.